குமரி மாவட்டத்திலிருந்து சரக்கு அனுப்புகிறவர்களுக்கு: உறுதியான அட்டைப்பெட்டி தேர்வு செய்ய முழுமையான வழிகாட்டி

மார்த்தாண்டம் தேன், ஏத்தங்காய் சிப்ஸ், கருப்பட்டி, முந்திரிப்பருப்பு, கிராம்பு, சங்குப் பொருட்கள் என்று நம் மாவட்டத்திலிருந்து வெளியூர் போகும் சரக்குக்குக் குறைவே இல்லை. முன்பெல்லாம் வியாபாரி மொத்தமாக லோடு ஏற்றிவிடுவார். இப்போது வீட்டிலேயே பேக் செய்து, போனில் ஆர்டர் எடுத்து, கூரியரில் அனுப்புகிறவர்கள் தக்கலையிலும் கருங்கலிலும் குலசேகரத்திலும் நிறைய வந்துவிட்டார்கள். பொருளின் தரத்தில் இவர்கள் யாரும் குறை வைப்பதில்லை. பெட்டி விஷயத்தில்தான் பணமும் பெயரும் போகின்றன.

பெட்டி வாங்கப் போனால் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: 3 பிளையா, 5 பிளையா? இதற்குச் சொல்லும் பதிலை மட்டும் வைத்துப் பெட்டி எடுக்கக்கூடாது. பிளை என்பது எத்தனை தாள் ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு, அவ்வளவுதான். பெட்டி டெல்லி வரை நிற்குமா என்பதைத் தாளின் தரம், நம் ஊர் ஈரக்காற்று, அடுக்கில் அது எந்த இடத்தில் கிடக்கிறது என்ற மூன்றும் சேர்ந்து முடிவு செய்கின்றன. இந்த மூன்றையும் கணக்கில் எடுத்து, கடைக்காரரிடம் சரியாகக் கேட்டு, வாங்கியதைச் சோதித்துப் பார்ப்பது வரை படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: பாரத்தைத் தாங்கப்போவது சரக்கா, பெட்டியா?

பெட்டியைப் பற்றி யோசிக்கும் முன் உள்ளே போகும் பொருளைப் பாருங்கள். அதன்மேல் இன்னொரு பெட்டியை வைத்தால் அது தாங்குமா?

முந்திரிப்பருப்பு டின்னும் கருப்பட்டியும் தாங்கும். இவற்றுக்குப் பெட்டி ஒரு உறை மாதிரிதான், மேல்பாரத்தில் பெரும்பங்கைச் சரக்கே சுமந்துகொள்ளும். ஆனால் கருப்பட்டி கனம் அதிகம், விளிம்பும் கடினம். கீழே விழும்போது உள்ளேயிருந்து அட்டையைக் குத்திக் கிழிக்கும். அதனால் இங்கே வேண்டியது கிழியாத, வெடிக்காத தாள்.

ஏத்தங்காய் சிப்ஸ் நேர் எதிர். எடை இல்லை, ஆனால் எதையும் தாங்காது. மேலே வரும் முழுப் பாரத்தையும் பெட்டியின் நான்கு சுவரும் நான்கு மூலையுமே சுமக்க வேண்டும். இங்கே வேண்டியது நசுங்காத சுவர். லேசான பொருள்தானே என்று லேசான பெட்டியில் போடுகிறார்கள் பாருங்கள், சிப்ஸ் தூளாகப் போய்ச் சேருவதற்கு அதுதான் காரணம்.

தேன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்றால் ஒரு லிட்டர் தேன் ஏறக்குறைய 1.4 கிலோ. குப்பி சின்னதாகத் தெரியும், எடை தெரியாது. கண்ணாடிக் குப்பி நேராக வரும் பாரத்தைத் தாங்கும், பக்கவாட்டில் இன்னொரு குப்பியோடு மோதினால் உடையும். ஆகவே குறுக்கு அட்டை கட்டாயம். குறுக்கு அட்டையின் உயரம் குப்பியின் உயரத்துக்குச் சமமாகவோ ஒரு நூல் கூடுதலாகவோ இருக்கட்டும். அப்போது அதுவும் மேல்பாரத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். பாதி உயரத்தில் நிற்கும் குறுக்கு அட்டையால் பாதிப் பயன்கூட இல்லை.

மட்டி, செவ்வாழை போன்ற பழங்களுக்குக் காற்றோட்டம் வேண்டும். பெட்டியில் போடும் ஒவ்வொரு துளையும் சுவரைப் பலவீனப்படுத்தும். அதனால் துளையின் மொத்தப் பரப்பைச் சுவரில் 5 சதவீதம் அளவில் நிறுத்துவது வழக்கம். துளை மூலைக்குப் பக்கத்தில் வரக்கூடாது. நீள்வட்டத் துளையாக இருந்தால் அதன் நீளம் மேலும் கீழுமாக இருக்கட்டும்.

படி 2: அட்டையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஒரு பெட்டியின் ஓரத்தை வெட்டிப் பாருங்கள். இரண்டு தட்டையான தாளுக்கு நடுவே ஒரு அலைத்தாள் ஒட்டியிருந்தால் 3 பிளை. மூன்று தட்டைத் தாள், இடையில் இரண்டு அலைத்தாள் என்றால் 5 பிளை. இன்னும் ஒரு ஜோடி சேர்ந்தால் 7 பிளை, அது இயந்திரப் பாகங்கள் போன்ற பெருஞ்சரக்குக்கு.

நடுவில் உள்ள அலையை ஃபுளூட் என்பார்கள். ஏ ஃபுளூட் சுமார் 5 மி.மீ உயரம், சி சுமார் 4 மி.மீ, பி சுமார் 3 மி.மீ, ஈ ஒன்றரை மி.மீ அளவு. உயரமான அலைக்கு நேர்ப்பாரம் தாங்கும் திறன் கூடுதல். குட்டையான அலை தட்டையாக அமுக்கினால் எளிதில் நசுங்காது, மேலே அச்சும் சுத்தமாக விழும். 5 பிளையில் ஒரு பி, ஒரு சி என்று கலந்து போட்டால் இரண்டு நன்மையும் கிடைக்கும். நகை, லேஸ் வேலைப்பாடு போன்ற சின்னப் பரிசுப் பெட்டிக்கு ஈ ஃபுளூட் அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பெட்டியை அப்படியே கூரியரில் போடக்கூடாது, வெளியே இன்னொரு பெட்டி வேண்டும்.

ஃபுளூட்டின் திசை முக்கியம். பெட்டியை நிமிர்த்தி வைத்தால் அலைகள் மேலிருந்து கீழாக, திண்ணைத் தூண்கள் மாதிரி நிற்க வேண்டும். படுக்கைவாக்கில் ஓடினால் எத்தனை பிளை போட்டும் பயனில்லை. தாளை மிச்சம் பிடிக்கச் சிலர் திசையை மாற்றி வெட்டிவிடுவதுண்டு. சுவரின் மேல் விளிம்பைப் பார்த்தால் தெரிந்துவிடும்: அலையின் வளைவு வளைவான வாய் அங்கே தெரிய வேண்டும்.

அடுத்து ஜிஎஸ்எம், பிஎஃப். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். பிஎஃப் என்பது அந்தத் தாள் எவ்வளவு அழுத்தத்தில் வெடிக்கும் என்பதை அதன் எடையோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண். இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால், ஒரு சதுர செ.மீட்டருக்கு எத்தனை கிலோ அழுத்தத்தை அந்தத் தாள் தாங்கும் என்று கிடைக்கும். அட்டையின் மொத்தக் கணக்குக்குத் தட்டைத் தாள்களை முழுதாகவும் அலைத்தாளைப் பாதியாகவும் எடுத்துக் கூட்டுவார்கள்.

இரண்டு பெட்டியை ஒப்பிடுவோம். முதலாவது 5 பிளை, எல்லாத் தாளும் 100 ஜிஎஸ்எம், 14 பிஎஃப். ஒரு தாளுக்கு 1.4. மூன்று தட்டைத் தாளுக்கு 4.2, இரண்டு அலைத்தாளுக்குப் பாதிக் கணக்கில் 1.4. மொத்தம் 5.6 கிலோ. இரண்டாவது 3 பிளை. தட்டைத் தாள் இரண்டும் 180 ஜிஎஸ்எம், 22 பிஎஃப். நடுத்தாள் 150 ஜிஎஸ்எம், 18 பிஎஃப். தட்டைத் தாளுக்கு 3.96 வீதம் 7.92, நடுத்தாளுக்கு 1.35. மொத்தம் 9.27 கிலோ. கருப்பட்டி அனுப்ப இரண்டாவது பெட்டிதான் நல்லது, 3 பிளையாக இருந்தாலும். இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். அலைத்தாள் வளைந்து போவதால் ஒரு மீட்டர் அட்டைக்கு ஏறக்குறைய 1.4 மீட்டர் தாள் செலவாகும். அதைச் சேர்த்துப் பார்த்தால் முதல் பெட்டியில் சதுர மீட்டருக்கு 580 கிராம் தாள், இரண்டாவதில் 570. தாளின் எடை கிட்டத்தட்ட ஒன்றுதான், பலத்தில் இத்தனை வித்தியாசம்.

அதற்காக 5 பிளை வேண்டாம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நசுங்காமல் நிற்க வேண்டிய சிப்ஸ் பெட்டிக்கு அட்டையின் தடிமன் உதவும். அதை அடுத்த படியில் பார்க்கலாம்.

படி 3: அடுக்கின் அடியில் கிடக்கும் பெட்டிக்குக் கணக்குப் போடுங்கள்

உங்கள் கையில் இருக்கும்போது எந்தப் பெட்டியும் உறுதியாகத்தான் தெரியும். கிட்டங்கியில், லாரியில், அடுக்கின் அடியில் அது என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

30 செ.மீ உயரம், 10 கிலோ எடை உள்ள ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். 2.4 மீட்டர் உயரத்துக்கு அடுக்கினால் 8 வரிசை. அடியில் உள்ள பெட்டிமேல் 7 பெட்டி, அதாவது 70 கிலோ. சரி, 70 கிலோ தாங்கும் பெட்டி போதுமா? போதாது.

பெட்டியின் பலத்தை ஆய்வகத்தில் 23 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதத்தில் சோதிக்கிறார்கள். காற்றின் ஈரப்பதம் 90-ஐ எட்டும்போது பெட்டியின் தாங்குதிறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். பெட்டி மழையில் நனைய வேண்டும் என்றுகூட இல்லை, ஈரக்காற்றை இழுத்தாலே போதும். நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூன் தொடங்கி டிசம்பர் வரை ஏதாவது ஒரு மழை வந்துகொண்டேதான் இருக்கும். மழை இல்லாத நாளிலும் குளச்சல், முட்டம் பக்கம் கடற்காற்று விடாது. காய்ந்த ஊரில் இருப்பவர் போடும் கணக்கை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்தது நேரம். பாரத்தோடு நாள்கணக்கில் நிற்கும் அட்டை மெதுவாகத் தளரும். ஒரு மாதம் அடுக்கில் நின்றால் முதல் நாள் பலத்தில் சுமார் 60 சதவீதம்தான் மிஞ்சும். அப்புறம் அடுக்கும் விதம். மூலைக்கு நேராக மூலை வந்தால் பெட்டி நன்றாகத் தாங்கும், ஏனென்றால் பாரத்தின் பெரும்பங்கை மூலைகள்தான் எடுக்கின்றன. செங்கல் கட்டுகிற மாதிரி மாற்றி மாற்றி வைத்தால் மேல்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் நடுச்சுவரில் உட்காரும். அதிலேயே பாதிப் பலம் போகும்.

இதையெல்லாம் சேர்த்துத்தான் அடுக்குப் பாரத்தை நான்கு அல்லது ஐந்தால் பெருக்குகிறோம். நம் மாவட்டத்துக்கு ஐந்து என்று வைப்பதே என் அபிப்பிராயம். அப்படியானால் மேலே சொன்ன பெட்டி 350 கிலோ தாங்க வேண்டும்.

இவ்வளவு தாங்குமா என்று வாங்கும் முன்பே மதிப்பிட ஒரு வழி உண்டு. 1963-இல் அமெரிக்காவில் மெக்கீயும் அவருடன் பணிபுரிந்தவர்களும் வெளியிட்ட சூத்திரம் அது, இன்றும் பெட்டித் தொழிலில் புழங்குகிறது. அட்டையின் விளிம்பு நசுங்குபலத்தை 5.87-ஆல் பெருக்குங்கள். பெட்டியின் சுற்றளவையும் அட்டையின் தடிமனையும் மீட்டரில் எடுத்துப் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். இந்த இரண்டையும் பெருக்கினால் பெட்டி தாங்கும் பாரம் கிலோநியூட்டனில் வரும், ஒரு கிலோநியூட்டன் ஏறக்குறைய 102 கிலோ பாரம். விளிம்பு நசுங்குபலம் என்பது அட்டைத் துண்டை விளிம்பில் நிறுத்தி அமுக்கினால் அது எவ்வளவு தாங்கும் என்ற அளவு, இதை இசிடி என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுவார்கள்.

40 செ.மீ நீளம், 30 செ.மீ அகலம் என்றால் சுற்றளவு 1.4 மீட்டர். 3 பிளை, 4 மி.மீ தடிமன், இசிடி மீட்டருக்கு 3.5 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொண்டால் சுமார் 157 கிலோ வரும். 5 பிளை, 6.5 மி.மீ, இசிடி 6 என்றால் சுமார் 343 கிலோ. நமக்கு வேண்டிய 350-ஐ ஒட்டி வருகிறது. சிப்ஸ் போன்ற சரக்கை மொத்தமாக அடுக்கி அனுப்புகிறவர் ஏன் 5 பிளைக்குப் போக வேண்டும் என்பது இதிலேயே தெரியும்.

இந்தச் சூத்திரத்தில் பெட்டியின் உயரம் வரவே இல்லை என்பதையும் பாருங்கள். சாதாரண அளவுப் பெட்டிகளில் உயரத்தைச் சற்றே கூட்டினாலும் குறைத்தாலும் பலம் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் உயரம் கூடக் கூட பெட்டி சாயும், அதே எண்ணிக்கையில் அடுக்கினால் அடிப்பெட்டிமேல் பாரமும் கூடும்.

ஒன்றிரண்டு பெட்டியாகக் கூரியரில் அனுப்புகிறவருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே உங்கள் பெட்டிமேல் யாருடைய பெட்டி ஏறும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அவர்கள் அடுக்குக் கணக்கைவிட விழுந்தால் என்ன ஆகும் என்பதில் அதிகக் கவனம் வைக்க வேண்டும். அது படி 7-இல் வருகிறது.

படி 4: அளவு

பெட்டியின் அளவை நீளம், அகலம், உயரம் என்ற வரிசையில் சொல்வது வழக்கம். நீங்கள் சொல்வது உள் அளவா, வெளி அளவா என்று கட்டாயம் தெளிவுபடுத்துங்கள். 5 பிளையில் இரண்டு சுவரின் தடிமனே ஒன்றேகால் செ.மீக்கு மேல் போகும். பன்னிரண்டு குப்பிக்கு அளவெடுத்துச் சொன்ன பெட்டியில் குப்பி இறங்காமல் நிற்பது இந்த ஒரு குழப்பத்தால்தான்.

பெட்டி பெரிதாக இருந்தால் இரண்டு நஷ்டம். உள்ளே வெற்றிடம் இருந்தால் மேல்பக்கம் குழிந்து பெட்டி நசுங்கும். இன்னொன்று, கூரியர்காரர்கள் எடையோடு கன அளவையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பரவலான முறை. சில இடங்களில் 4000 அல்லது 4500-ஆல் வகுப்பார்கள், அப்போது கட்டணம் இன்னும் கூடும். ஒரு கிலோ சிப்ஸை 30, 25, 20 செ.மீ பெட்டியில் போட்டால் 15,000-ஐ 5000-ஆல் வகுத்து 3 கிலோவுக்குக் காசு கட்டுகிறீர்கள். அதே சிப்ஸை 28, 22, 18 செ.மீ பெட்டியில் அடக்க முடிந்தால் 2.2 கிலோ, அரைகிலோ படியாக ஏற்றினால் 2.5. ஒவ்வொரு பெட்டிக்கும் அரை கிலோ கட்டணம் மிச்சம். வருஷம் முழுக்க அனுப்புகிறவருக்கு இந்தப் பணத்திலேயே நல்ல தாளுக்கு மாறிவிடலாம்.

உடையாத பொருளுக்கு உள்ளே இடைவெளி அதிகம் வேண்டாம். உடையும் பொருளுக்கு எல்லாப் பக்கமும் 5 செ.மீ மெத்தை வையுங்கள். சங்கு, சிப்பி அலங்காரப் பொருட்கள் மாதிரி ஒழுங்கற்ற உருவம் உள்ளவற்றை ஒரு சின்னப் பெட்டியில் இறுக்கி, அதைப் பெரிய பெட்டிக்குள் 5 செ.மீ மெத்தையோடு வைப்பதே பாதுகாப்பு. மெத்தைக்குக் கசக்கிய பிரவுன் தாளும் பபிள் ரேப்பும் போதும். தென்னந்தும்பும் வைக்கோலும் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஈரத்தை இழுத்துப் பூச்சியைக் கூட்டிவரும். சாப்பாட்டுப் பொருளோடு பழைய செய்தித்தாள் வைப்பதை விட்டுவிடுங்கள், அச்சு மை படும்.

படி 5: ஈரத்துக்கும் உப்புக்காற்றுக்கும் ஏற்பாடு

நம் ஊருக்கென்றே தனியாகப் பார்க்க வேண்டிய படி இது. வெளியூரில் இருப்பவர்கள் எழுதும் ஆலோசனைகளில் இது பெரும்பாலும் இருக்காது.

பெட்டியின் பக்கச் சுவரை இணைப்பது பின்னா, பசையா என்று பாருங்கள். பின் அடித்தால் உடனே பிடித்துக்கொள்ளும், விலையும் குறைவு. ஆனால் சாதாரண இரும்புக் கம்பி கடற்காற்றில் சீக்கிரம் துருவேறும். துருக்கறை அட்டையில் இறங்கும், லேஸ், துணி, தாள் உறை எதையும் பாழாக்கும். பின் இருந்தால் துத்தநாகப் பூச்சுள்ள கம்பியா என்று கேளுங்கள். முடிந்தவரை பசை இணைப்பையே கேட்டு வாங்குங்கள்.

அட்டையின் தாள்களை ஒட்டுவது ஸ்டார்ச் பசை. அதிக ஈரத்தில் அது இளகித் தாள்கள் பிரியும். அதோடு கரப்பானுக்கும் கரையானுக்கும் அது தீனி. மழைக்கால ஆர்டருக்கு ஈரம் தாங்கும் பசை போட்டுத் தர முடியுமா என்று தயாரிப்பாளரிடம் கேட்கலாம், பலர் செய்து தருவார்கள்.

வெளித்தாளில் மெழுகோ வார்னிஷோ பூசினால் மேலே தெறிக்கும் தண்ணீர் வழிந்துவிடும். ஈரக்காற்றை முழுதாகத் தடுக்காது. அதற்குச் சரக்கைச் சுற்றி ஒரு பாலித்தீன் உறை போடுவதுதான் வழி. கருப்பட்டிக்கு இது மிகமிக அவசியம். கருப்பட்டி தானே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கசியும், கசிந்த பாகு அட்டையில் இறங்கினால் அடிப்பாகம் கழன்று விழும். தடிமனான உறையில் போட்டு, வாயைச் சீல் வைத்து, அப்புறம் பெட்டியில் வையுங்கள். கருவாட்டுக்கும் இதே முறைதான், காற்று உறிஞ்சிய உறையாக இருந்தால் இன்னும் நல்லது. கருவாட்டை ஏற்றுக்கொள்வார்களா என்று கூரியரில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

காலிப் பெட்டிக் கட்டுகளைத் தரையில் வைக்காதீர்கள். பலகைமேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பாலித்தீன் மூடி வையுங்கள். ஆனி, ஆடியில் ஆறு மாதத்துக்கான பெட்டியை மொத்தமாக வாங்கி அடுக்குவதைத் தவிருங்கள். மொத்த விலையில் கிடைக்கும் லாபம் நமுத்துப்போன பெட்டியில் போய்விடும்.

படி 6: கடையில், கையால் சோதிப்பது

மாதிரிக்கு ஒரு பெட்டி கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்குகிறவரிடம் ஆர்டர் கொடுக்க வேண்டாம்.

சுவரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். விரலை எடுத்ததும் அட்டை மீண்டும் எழும்ப வேண்டும். குழி அப்படியே நின்றால் அலை ஏற்கெனவே நசுங்கியிருக்கிறது. பெட்டி முழுக்க அடர்த்தியாக அச்சடித்த இடங்களில் இது அடிக்கடி தெரியும், அச்சு உருளையின் அழுத்தம்தான் காரணம். நாலு பக்கமும் வண்ணம் வேண்டும் என்று கேட்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பெயரும் ஒரு சின்னமும் ஒற்றை நிறத்தில் இருந்தால் போதும்.

மூடியை முன்னும் பின்னுமாக முழுதாக மடியுங்கள். நாலைந்து முறை மடித்தும் வெளித்தாள் மடிப்பில் வெடிக்கக்கூடாது. அடுத்து ஒரு ஓரத்தைக் கிழியுங்கள். கிழிந்த இடத்தில் நீள நீளமாக நார் தெரிந்தால் நல்ல தாள். பொடிப்பொடியாக, தூசி பறக்கக் கிழிந்தால் பலமுறை மறுசுழற்சி ஆன தாள், நார் குட்டையாகிவிட்டது. நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். தங்க நிறம் சாயத்திலும் வரும்.

சொன்ன ஜிஎஸ்எம் இருக்கிறதா என்றும் வீட்டிலேயே பார்த்துவிடலாம். அட்டையில் சரியாக 10 செ.மீக்கு 10 செ.மீ துண்டு வெட்டுங்கள். நகை நிறுக்கும் தராசில் வையுங்கள். வரும் கிராமை 100-ஆல் பெருக்கினால் அட்டையின் மொத்த ஜிஎஸ்எம். மேலே சொன்ன 3 பிளை அட்டை 5.7 கிராம் வர வேண்டும், பசையின் எடை கொஞ்சம் கூடும். 4.5 என்று காட்டினால் யாரோ தாளைக் குறைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தாளையும் தனியாகப் பார்க்க வேண்டுமானால் துண்டைத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். பசை விட்டு தாள்கள் பிரியும். நன்றாகக் காயவைத்துத் தனித்தனியாக நிறுங்கள். அலைத்தாளை நிறுக்கும்போது அதன் நீளம் 10 செ.மீக்கு மேல் இருக்கும் என்பதை மறக்காமல் அளந்து வகுக்க வேண்டும்.

திருப்தியானால் ஆர்டரை எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினாலே போதும், ஆனால் அதில் இவை எல்லாம் இருக்கட்டும்:

- உள் அளவு, செ.மீட்டரில்
- எத்தனை பிளை, எந்த ஃபுளூட்
- ஒவ்வொரு தாளின் ஜிஎஸ்எம், பிஎஃப்
- பசை இணைப்பா, பின்னா
- ஒரு காலிப் பெட்டியின் எடை
- விலையில் ஜிஎஸ்டியும் வண்டிக்கூலியும் சேர்ந்ததா

காலிப் பெட்டியின் எடையை எழுதி வாங்குவது பலருக்குத் தோன்றாத விஷயம். லோடு வந்து இறங்கும்போது பெட்டிக் கட்டு ஒன்றை அப்படியே தராசில் வைத்து, பெட்டி எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால் மாதிரிக்கும் லோடுக்கும் உள்ள வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும்.

பழைய பெட்டியைப் பற்றியும் கேட்பார்கள். மருந்துக் கடையில், மளிகைக் கடையில் வாங்கிய பழைய பெட்டியின் மூலையும் மடிப்பும் ஏற்கெனவே ஒரு பயணம் தளர்ந்தவை. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போட்டு, அந்தப் பக்கம் ஆள் நின்று எடுப்பதென்றால் சரி. அதற்குமேல் தூரத்துக்கு வேண்டாம்.

படி 7: அனுப்பும் முன் விழவைத்துப் பாருங்கள்

பேக் செய்த சரக்கைச் சோதிக்கும் முறைகளை வகுக்கும் ஐஎஸ்டிஏ என்ற சர்வதேச அமைப்பின் 1ஏ முறையில் உள்ள வீழ்ச்சிச் சோதனையை வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். உண்மையில் அனுப்புவது போலவே பேக் செய்த பெட்டி, எடை 9.5 கிலோவுக்குள் என்றால் 76 செ.மீ உயரம், அதாவது ஒரு மேசை உயரத்திலிருந்து போட வேண்டும். அதற்கு மேல் 19 கிலோ வரை 61 செ.மீ போதும். முதலில் ஒரு மூலையில் விழட்டும், பிறகு அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்பிலும், பிறகு ஆறு பக்கத்திலும். மொத்தம் பத்து முறை. முழுச் சோதனையில் அதிர்வு மேசையும் உண்டு. அது நம்மிடம் இருக்காது என்றாலும் இந்தப் பத்து வீழ்ச்சியே நிறையச் சொல்லிவிடும். தேன் பெட்டிக்கு முதல்முறை சோதிக்கும்போது குப்பியில் தண்ணீரை நிரப்பாதீர்கள், எடை குறைவாகக் காட்டும். விற்காத பழைய தேனோ சர்க்கரைப் பாகோ நிரப்புங்கள்.

மழைக்காலத்தில் ஒன்றைச் சேர்த்துச் செய்யுங்கள். பேக் செய்த பெட்டியை ஒரு இரவு முழுக்கச் சாரல் படாமல் வராந்தாவில் விட்டு, காலையில் அதன்மேல் பலகை வைத்து அரிசி மூட்டையை ஏற்றி ஒரு நாள் பாருங்கள். சுவர் வெளியே புடைத்தால் பெட்டி போதாது.

ஒட்டுவது பற்றிச் சுருக்கமாக. 48 மி.மீ பிரவுன் டேப், மேலும் கீழும். நடு இணைப்பில் ஒன்று, இரண்டு ஓரத்திலும் குறுக்கே ஒன்று. டேப் சுவரில் குறைந்தது 5 செ.மீ இறங்க வேண்டும். அட்டையில் தூசி இருந்தால் துணியால் துடைத்துவிட்டு ஒட்டி, கையால் நன்றாகத் தேய்த்து அழுத்துங்கள். 15 கிலோவுக்கு மேல் பிளாஸ்டிக் பட்டை கட்டலாம், ஆனால் இழுத்து இறுக்கினால் பட்டையே விளிம்பை வெட்டிவிடும். மூலையில் ஒரு அட்டைத் துண்டை மடித்து வைத்துவிட்டுக் கட்டுங்கள்.

படி 8: சேதமான பெட்டியின் படத்தை வாசியுங்கள்

எவ்வளவு பார்த்தாலும் எப்போதாவது ஒரு பெட்டி உடைந்து போகத்தான் செய்யும். வாங்கியவரிடம் பொருளின் படத்தை மட்டும் கேட்காமல் பெட்டியின் ஆறு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரே மூலை நசுங்கியிருந்தால் கீழே விழுந்திருக்கிறது: உள்ளே மெத்தையைக் கூட்ட வேண்டும், பெட்டியை மாற்ற வேண்டியதில்லை. நான்கு சுவரும் புடைத்து மேல்பக்கம் குழிந்திருந்தால் அடுக்கில் நசுங்கியிருக்கிறது: வெற்றிடத்தைக் குறைத்துப் பாருங்கள், அதற்கும் சரியாகாவிட்டால் தடிமனான அட்டைக்குப் போங்கள். உள்ளேயிருந்து வெளியே கிழிந்திருந்தால் தாளின் பிஎஃப் போதவில்லை. அடிப்பக்கம் திறந்திருந்தால் டேப். தாள்கள் தனித்தனியாகப் பிரிந்திருந்தால் ஈரம்: பசையையும் பெட்டி வைத்திருந்த இடத்தையும் பாருங்கள்.

இந்தப் படங்களைத் தேதி, ஊர், எந்த லோடு பெட்டி என்ற விவரத்தோடு ஒரு இடத்தில் சேர்த்து வையுங்கள். அடுத்த ஆர்டருக்குப் பெட்டிக்காரரிடம் பேசும்போது எந்தத் தாளில் எத்தனை ஜிஎஸ்எம் கூட்ட வேண்டும், எந்த அளவை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.